மலை உடையும் இடம், மண் ஓடும் வழி

வயநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் ‘பாடி’ என்பார்கள். நிலச்சரிவுக்கு அங்கே ‘உருள்பொட்டல்’ என்று பெயர். மலை வெடித்து உருண்டு வருவதைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர். 2024 ஜூலை 30, நள்ளிரவு தாண்டிய வேளையில், வெள்ளரிமலைச் சரிவில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் அப்படி ஒன்று வெடித்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களை வாரிக்கொண்டு 8 கிலோமீட்டர் ஓடியது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலருடைய உடல்கள் பக்கத்து மலப்புரம் மாவட்டத்தில், சாலியாற்றில் கிடைத்தன.

அந்த மலை முன்பே சொல்லியிருந்தது. 1984-லேயே முண்டக்கையில் உருள்பொட்டி உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அருகிலுள்ள புத்துமலையில் 17 பேர் பலியானார்கள். இஸ்ரோவின் ஐதராபாத் மையம் 2023-ல் வெளியிட்ட நிலச்சரிவுத் தொகுப்பு, மக்கள்தொகை, வீடுகள், சாலைகளுக்குள்ள ஆபத்தை வைத்து 147 மாவட்டங்களை வரிசைப்படுத்தியது. வயநாட்டுக்கு 13-ஆம் இடம். 2024-ல் உடைந்த இடத்திலேயே பழைய சரிவின் தழும்பு இருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

ஆனால் வரைபடத்தில் மாவட்டத்தின் மீது சிவப்பு பூசிவிட்டால், இன்றிரவு எந்த வீட்டைக் காலி செய்வது என்று பஞ்சாயத்துக்குத் தெரிந்துவிடாது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் நாடு தழுவித் தயாரித்த சரிவு வரைபடங்களின் அளவு 1:50,000. அதில் 1 மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். ஒரு பாடி பேனா முனைக்குள் அடங்கிவிடும்.

இதைவிட முக்கியமான இடைவெளி ஒன்று உண்டு. மண்ணின் தடிமன், சரிவின் கோணம், பாறை, ஓடை ஆகியவற்றைப் பார்த்து, மலை எங்கே உடையக்கூடும் என்பதைத்தான் இத்தகைய வரைபடம் சொல்கிறது. உடைந்தது எவ்வளவு தூரம் ஓடும் என்பது தனிக் கணக்கு. ஓடையில் இறங்கிய சேறு, கரையின் மண்ணையும் மரங்களையும் வீடளவு பாறைகளையும் சேர்த்துக்கொண்டே பெருக்கிறது. சரிவே இல்லாத தாழ்நிலத்துச் சூரல்மலைக் கடைத்தெரு அப்படித்தான் அழிந்தது.

ஆபத்தை மதிப்பிடுவோர் மூன்றைப் பெருக்குகிறார்கள்: நிகழும் வாய்ப்பு, அதன் வழியில் இருப்பவர்கள், அவர்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்பது. முதலாவதற்குக் கருவிகள் உண்டு. மற்ற இரண்டுக்கும் ஊருக்குள் நடந்துதான் ஆகவேண்டும். ஜூலை மாதம் இரவு 2 மணிக்கு ஓடையோரம் எத்தனை பேர் உறங்குகிறார்கள்? வெளிமாநிலத் தொழிலாளர்களும் விடுதி விருந்தினர்களும் அந்த ஊரின் ரேஷன் அட்டைகளில் இல்லை. பாடி தொழிலாளிக்குச் சொந்தமில்லை. அதை வேறிடத்தில் கட்டும் முடிவும் அவர் கையில் இல்லை. இவற்றை எண்ணாத ஆய்வை நான் முழு ஆய்வாக ஏற்கமாட்டேன்.

அடுத்தது மழை. மண்துகள்களுக்கு இடையே நீர் நிரம்ப நிரம்ப, அதன் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. உராய்வு குறைந்து, மண் பாறைமீதான பிடியை இழக்கிறது. அதனால் ஒரு மணி நேர மழையை மட்டும் பார்த்தால் போதாது. முந்தைய சில நாட்களின் கூட்டுத்தொகை வேண்டும். கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம் மாவட்டம் முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. 2024 உருள்பொட்டலுக்கு முந்தைய 48 மணி நேரத்தில், அதன் புத்துமலை மழைமானியில் 570 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. சென்னையின் ஓராண்டு மழையில் ஐந்தில் இரண்டு பங்கு அது. உருள்பொட்டுவதற்கு முந்தைய நாளே அந்த மையம் அதிகாரிகளை எச்சரித்தது.

வயநாட்டை ஒட்டிய நம் கூடலூர், பந்தலூர் வட்டங்களிலும் அதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதே தென்மேற்குப் பருவமழை, அதே தேயிலை. அங்கே ஒவ்வோர் ஓடையின் தலைமாட்டிலும் ஒரு மழைமானி நிற்கவேண்டும். அதே ஓடையின் கால்மாட்டில் யார் யார் உறங்குகிறார்கள் என்ற பட்டியல், அடுத்த ஜூன் மாதத்துக்குள் பஞ்சாயத்து அலுவலக மேசையில் இருக்கவேண்டும்.