எது அந்நிய சங்கீதம்?

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடையே, வல்லம் என்று ஓர் ஒன்றியம் உண்டு. தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லம் வேறு, இது வேறு. நெல்லும் மணிலாவும் விளையும் இப்பிரதேசத்துக் கிராமம் ஒன்றில், சென்ற ஆடித் திருவிழாவை முன்னிட்டு ஒரு தகராறு எழுந்தது. இரவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி வைக்க வேண்டுமென வாலிபர்கள் விரும்பினர். கூடாதென்று பெரியோர் மறுத்தனர். அவ்வூர்த் தேசத் தொண்டர்கள் சிலர் பெரியோர் பக்கம் சேர்ந்து, மேனாட்டு டிஸ்கோக் கூச்சல் அம்மன் சந்நிதியில் ஒலிக்கலாகாது என்றும், நமது சொந்தக் கலைகளைக் காக்கும் பொருட்டுப் போலீஸார் அனுமதி மறுக்க வேண்டும் என்றும் ஒரு விண்ணப்பம் தயாரித்தனர். அதில் நமது கையொப்பத்தையும் வேண்டி நம்மிடம் வந்தனர். நாம் கையொப்பமிடவில்லை. அதன் காரணத்தை அவர்களுக்கு நேரிற் சொன்னோம். எனினும் இவ்விஷயம் ஒரு கிராமத்தோடு நில்லாதாகையால், நேயர்கள் யாவரும் அறிய இங்கே எழுதுகின்றோம்.

விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு நாம் முதலில் ஒரு காரியம் செய்தோம். கையெழுத்திட்டோரையும் எதிர்த்தோரையும் தனித்தனியே கண்டு, "இந்த டிஸ்கோ என்பதைத் தாங்கள் முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்?" என்று ஒரே கேள்வியைக் கேட்டோம். சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்பளிப்பது நியாயமன்று என்பது நாம் கற்ற தொழிலின் முதற்பாடம்.

நான்கு பிராயத்தாரின் சாட்சியம்

முதற் கையெழுத்திட்டவர் எழுபது பிராயம் கடந்த பெரியவர். "நான் அந்தக் கண்ணராவியைக் கேட்டதே இல்லை, தம்பி" என்றார். அப்படியாயின் வாலிப வயதில் எதைக் கேட்டீர்கள் என்றோம். அவருடைய முகம் மலர்ந்தது. மாலையில் இலங்கை வானொலி. சனிக்கிழமை இரவில் டெண்டுக் கொட்டகை. 1979-ல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தை மணல் தரையில் அமர்ந்து நான்கு முறை பார்த்தாராம். பாலசந்தர் எடுத்த அப்படம் ஒரு மேடை இசைக்குழுவின் கதை. சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட காட்சிகள் அதில் ஏராளம். கிட்டாரும் டிரம்ஸும் மின்விளக்குகளும் நிறைந்த படம் அது. அது மேனாட்டு மெட்டு அன்றோ என்றோம். "அது எப்படி? அது விசுவநாதன் பாட்டு அல்லவா!" என்றார். அக்காலத்தில் அவர் தகப்பனார் யாது சொன்னார் என்று கேட்டோம். பெரியவர் சற்று நேரம் மௌனமாயிருந்து, "கூத்தைக் கெடுக்க வந்த சனியன் என்று திட்டினார்" என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் சாட்சி, மைக்செட் வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகின்றவர். 1982-ல் அவர் பள்ளி மாணவர். அவ்வாண்டு வந்த 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டைத்தான் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவில் தமிழ்நாடெங்கும் கேட்கின்றோம். அதே ஆண்டில் பம்பாயிலிருந்து 'டிஸ்கோ டான்ஸர்' என்ற ஹிந்திப் படமும் வந்தது. அக்கதையே 1985-ல் 'பாடும் வானம்பாடி' என்று தமிழிலும் எடுக்கப்பட்டது. திண்டிவனத்தில் கேஸட் பதிந்து கொடுக்கும் கடையில் பாட்டுகளின் பட்டியலைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் காத்திருந்து வாங்கி வருவாராம். ஹிந்தியில் ஒரு வார்த்தையும் அறியார். தாளம் மாத்திரம் புரிந்தது என்றார். அத்தாளமே அவரை மைக்செட் தொழிலுக்கு இழுத்தது. இவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருக்கின்றார்! காரணத்தையும் மறையாது சொன்னார். வாலிபர்கள் அழைக்க விரும்புவது வெளியூர் டி.ஜே. குழுவினரை, இவரது செட்டுக்கு அன்று வேலை இல்லை.

மூன்றாம் பிராயம் நம்முடையது. நாற்பதுகளில் உள்ளோர்க்கு டிஸ்கோ என்பது முதலில் ஒரு சங்கீதமாக வரவில்லை. அது ஒரு நடிகையின் பெயருக்கு முன்னால் ஒட்டிய அடைமொழியாக, சுவரொட்டியில் வந்தது. டிஸ்கோ சாந்தி என்ற அப்பெயரைப் பெரியோர் எதிரில் உரக்க வாசிக்க அஞ்சிய சிறுவர்களில் நாமும் ஒருவர். ஆகவே அச்சொல்லுக்கு நாம் கொண்ட பொருள், வீட்டில் பேசத்தகாத ஒன்று என்பதே. சட்டக் கல்லூரியிற் பயில்கையில் நண்பரொருவர் பழைய கேஸட் ஒன்றை ஓட விட்ட பின்னரே, அஃது அமெரிக்காவில் தோன்றிய ஓர் இசை வகை என்பதை அறிந்தோம்.

நான்காம் சாட்சி இருபது வயது இளைஞன். ஆடல் பாடல் வேண்டுமென்போருக்குத் தலைவன். 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'கூலி' படத்தின் முன்னோட்டத்தைக் கைப்பேசியிற் கண்டபோதுதான் டிஸ்கோவை அறிந்தானாம். "புத்தம் புதிய இசை, சார்" என்றான். அம்முன்னோட்டத்தில் ஒலித்தது 1983-ல் வந்த 'தங்கமகன்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாட்டின் இசை. தமது அனுமதியின்றி அது கையாளப்பட்டதென இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதைப் பத்திரிகை வாசிப்போர் மறந்திரார். மைக்செட்காரர் கேஸட்டிற் கேட்டுத் தேய்த்த நாதமே அவ்விளைஞனுக்குப் புதுமையாகியது. ஒருவர் அதைத் தடுக்கக் கையெழுத்திடுகின்றார். மற்றவர் அதற்காகப் போராடுகின்றார். இருவர் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன.

இச்சாட்சியங்களிலிருந்து தெளிவாவது யாது? மனிதன் தன் பதினைந்தாம் பிராயத்தில் மயங்கிக் கேட்டதைச் சொந்தமென்றும், தன் மகனது பதினைந்தாம் பிராயத்தில் வந்ததை அந்நியமென்றும் கொள்கின்றான். இதற்குத் தேசாபிமானம் என்று பெயரிடுதல் அச்சொல்லுக்குச் செய்யும் அபசாரமாகும்.

பிறந்த இடமும் எரித்த இடமும்

டிஸ்கோ எங்கிருந்து வந்தது என்பதையும் நம் தொண்டர்கள் அறிதல் நலம். பெயர் பிரெஞ்சு மொழியினின்று வந்தது. இசைத்தட்டுக் களஞ்சியம் என்பது அதன் பொருள். ஆனால் அந்த இசை வளர்ந்தது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க் நகரில். டேவிட் மன்குஸோ என்பவர் 1970-ல் தம் இருப்பிடத்தையே ஆடுமிடமாக்கி நண்பர்களை அழைத்தார். அங்கும் அத்தகைய பிற இடங்களிலும் கூடியவர்களிற் பெரும்பாலோர் கறுப்பர், ஸ்பானிய மொழி பேசும் ஏழை மக்கள், ஆணோடு ஆண் சேர்ந்தாடினால் போலீஸாரின் தொல்லைக்கு ஆளானோர் ஆகியோரே. வேறெங்கும் இடமற்றோர் தங்களுக்கென்று அமைத்துக் கொண்ட இடம் அது. சித்திரை மாதத்தில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை முன்னிட்டு விழுப்புரம் வந்து கூடும் திருநங்கையரின் ஆட்டத்தையும் பாட்டையும் கண்டிருக்கும் நம் மாவட்டத்தார்க்கு இது விளங்காத செய்தியன்று.

1977-ல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்ததும் உலகமே அத்தாளத்திற்கு ஆடிற்று. உடனே எதிர்ப்பும் மூண்டது. 1979 ஜூலை 12-ந் தேதி சிகாகோ நகரத்துப் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வருவோர்க்கு 98 சென்ட் கட்டணத்தில் அனுமதி அளித்து, அத்தட்டுகளை யெல்லாம் குவித்து வெடி வைத்துத் தகர்த்தனர். ஜனக்கூட்டம் மைதானத்தினுட் பாய்ந்து அட்டகாசம் செய்ய, அன்றைய இரண்டாம் ஆட்டமே நின்று போயிற்று. இசையின் மேற் காட்டப்பட்ட அவ்வெறுப்புக்குள் நிறவெறுப்பும் இருந்ததென்று பின்னர்ப் பலர் எடுத்துக்காட்டினர். சிகாகோவில் எரிந்த தட்டின் நாதம் அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் திண்டிவனத்துக் கேஸட் கடையில் உயிரோடிருந்தது. நெருப்பால் எதை அழித்தனர்?

தடைகளின் சரித்திரம்

நம் தேசத்திலும் இத்தகைய தடைகள் உண்டு. ஹார்மோனியம் ஐரோப்பாவினின்று வந்தது. நம் சுருதிகளுக்கும் கமகங்களுக்கும் பொருந்தாதது. ஆகவே விலக்கத்தக்கது என்று பேரறிஞர் பலர் வாதித்தனர். 1940-ல் அகில இந்திய ரேடியோ அதை விலக்கியது. அத்தடை தளர்வதற்கு 1971 வரை ஆயிற்று. இதனிடையே யாது நடந்தது? நம் பிரதேசத்துத் தெருக்கூத்தில், மிருதங்கத்தோடும் முகவீணையோடும் தாளத்தோடும் ஹார்மோனியம் இரவெல்லாம் ஒலித்துக் கொண்டிருந்தது. ஹார்மோனியம் இல்லாத கூத்தை இன்று இப்பக்கத்தில் நினைக்கவும் இயலாது. விண்ணப்பத்தில் "நமது சொந்தக் கலை" என்று குறித்த கூத்தினுள்ளேயே அந்நிய வாத்தியம் அமர்ந்திருக்கின்றது.

1952-ல் மத்திய சர்க்காரில் ஒலிபரப்பு இலாகாவை ஏற்ற கேஸ்கர், காங்கிரஸ்காரர். சாஸ்திரீய சங்கீதத்தில் பக்தி உடையவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கின்றதென்று கருதி, அதை ரேடியோவில் ஒடுக்கினார். ஜனங்கள் ரேடியோவின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். 1957-ல் சர்க்காரே விவித பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டை மீண்டும் அழைத்து வர நேர்ந்தது. தேசபக்தியால் போட்ட பூட்டு, தேசத்து ஜனங்களையே அயல்நாட்டு ஒலிபரப்புக்கு அனுப்பிவைத்தது.

கர்நாடக சங்கீதத்தின் பெரியோர் இவ்விஷயத்தில் அஞ்சியவரல்லர். பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வித்துவானிடம் வயலின் பயின்று அதை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர், இங்கிலீஷ்காரரின் ராஜகீத மெட்டிற்கே சம்ஸ்கிருத சாகித்தியம் செய்து, அதைத் தேவி துதியாக்கினார். வாத்தியத்தையும் மெட்டையும் வெள்ளையரிடமிருந்து வாங்கிய அவர்கள் தம் நெஞ்சை அவர்க்கு விற்றாரில்லை. 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கமும் கவனிக்கற்பாலது. தெலுங்குக் கீர்த்தனத்தை ஒழிக்க வேண்டுமென்பது அதன் கோரிக்கையன்று. தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் தருக என்பதே. விலக்குவதைக் கேளாமல் இடத்தைக் கேட்ட இயக்கம் வென்றது.

விசாரிக்கப்படாத சாட்சி

இவையெல்லாம் இருக்கட்டும். நமது மனத்தை உறுத்தியது வேறொன்று. விண்ணப்பம் சொந்தக் கலையைக் காப்பதற்கெனச் சொல்லுகின்றது. அக்கலைக்குரியவர் எவரேனும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றாரா என்று பார்த்தோம். ஒருவர் பெயரும் இல்லை. ஆகவே அவ்வூர்க் காலனியில் வாழும் பறைக் கலைஞர் ஒருவரை நாமே தேடிச் சென்றோம். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டோம்.

அவர் பதிலுரையாமல் பறையைத் தீயிற் காய்ச்சி எடுத்து வந்தார். அடிக்குச்சியால் ஒரே சீராக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்தார். சிம்புக்குச்சி இடையிடையே துள்ளிற்று. டிஸ்கோவின் இலக்கணமும் இதுவே. நான்கு அடியிலும் பெரிய டிரம் சமமாக விழும்; நிமிஷத்திற்கு ஏறக்குறைய 120 அடி; இடையில் தகட்டுத் தாளம் சீறும். "இதைத்தானுங்களே அவங்க மின்சாரத்துல அடிக்கிறாங்க?" என்று சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: திருவிழாக் கணக்கில் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் தொகை உண்டு, பறைக்கு மாத்திரம் தொகை குறிப்பதில்லை, முடிவில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவரது மகன் பட்டம் படித்தவன். பறையைத் தொடமாட்டேன் என்கின்றான். சாவு வீட்டிற்கு ஏவுகின்றவர்கள் கோயிலில் எட்டி நிற்கச் சொல்லுகின்றார்களே, அதை நான் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவன் கேள்வி.

அவனுக்கு நாம் என்ன விடை பகர்வது? அரசியல் சாசனத்தின் 17-ம் விதி தீண்டாமையை ஒழித்துவிட்டதென்று சட்டம் பேசலாம். பறை அவன் வீட்டில் மௌனமாவதற்குக் காரணம் நியூயார்க் அன்று, நம் ஊர். டிஸ்கோ வரு முன்னரே அவன் அதைக் கீழே வைத்துவிட்டான்.

நாம் செய்யத்தக்கது

வாலிபர்கள் கேட்பது எல்லாம் சரியென்றும் நாம் கூறவில்லை. நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும் உறங்க விடாது அதிரும் ஒலிபெருக்கி எந்த நாட்டு இசையானாலும் குற்றமே. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தச் சர்க்காருக்கு அதிகாரமுண்டு. ஆடல் பாடலுக்குப் போலீஸார் அனுமதி மறுத்ததால் உயர்நீதிமன்றம் ஏறும் வழக்குகளில், ஆபாசம் கூடாது, ஜாதிப் பகைமையைத் தூண்டும் பாட்டுக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வழங்கப்படுதல் வழக்கமாயிருக்கின்றது. இந்நிபந்தனைகள் நியாயமானவை. பெண்களை இழிவு செய்யும் ஆட்டத்தை எதிர்ப்பது நம் கடமை. அதை ஆபாசம் என்றே சொல்லி எதிர்க்க வேண்டும், அந்நியம் என்று சொல்லியன்று.

ஆகவே தொண்டர்களிடம் நாம் சொன்னது இது. விண்ணப்பத்தைப் போலீஸாருக்கு அனுப்ப வேண்டாம். திருவிழாக் குழுவுக்கு அனுப்புங்கள். அதில் மூன்று கோரிக்கைகளை எழுதுங்கள். முதலாவது, பறைக்கும் பம்பைக்கும் கூத்துக்கும் முன்கூட்டியே பேசிய தொகை திருவிழாக் கணக்கில் ஏறவேண்டும். இரண்டாவது, அக்கலைஞர்கள் மற்றெவரும் நிற்கும் இடத்தில், மற்றெவரும் உண்ணும் பந்தியில் இருக்க வேண்டும். மூன்றாவது, வாலிபர்களின் ஆடல் பாடல் சட்டம் விதித்த நேரத்திற்குள், சட்டம் விதித்த ஒழுங்கோடு நடக்க வேண்டும்.

தொண்டர்களில் இருவர் இதற்கு உடன்பட்டனர். ஒருவர், முதற் கோரிக்கை சரி, இரண்டாவதை இந்த ஆண்டு எழுதினால் ஊர் இரண்டுபடும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சொந்தக் கலை என்ற பேச்சின் கீழே இருந்தது என்ன என்பது அவர் வாயாலேயே வெளிப்பட்டது. அந்நிய நாட்டுத் தாளம் பத்து மணிக்கு ஓய்ந்துவிடும். சொந்த நாட்டுக் கலைஞன் கோயிலில் எட்டி நிற்பது எத்தனை மணிக்கு ஓயும்? அதைக் குறித்து ஒரு விண்ணப்பம் எழுதி வாருங்கள். முதற் கையொப்பம் நம்முடையதாகும்.