உஷார்! சாத்திய கதவுக்குப் பின்னால் உங்கள் பிள்ளை

பிள்ளைக்கு மூன்று வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. குழந்தைகள் மருத்துவர் பார்த்துவிட்டு, சீட்டில் ‘ஓ.டி., ஸ்பீச்’ என்று எழுதித் தருகிறார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை, வெளியே கூட்டம் காத்திருக்கிறது. அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி, தூக்கம் கெட்டு, யார் நல்ல வார்த்தை சொன்னாலும் நம்பிவிடும் நிலையில் நிற்கிறார்கள் பெற்றோர். அவர்களைக் குறிவைக்கும் தெரபி சென்டர்கள் பெருகிவிட்டன. எல்லா சென்டரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நல்லது எது, ஆபத்தானது எது என்று வாசலிலேயே கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால், பணத்தோடு சேர்ந்து பிள்ளையின் வயசும் போய்விடும். பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம், மூன்று வயதைத் திருப்பி வாங்க முடியாது.

என் தங்கை அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். பையனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே விடுவார்கள். “இன்னைக்கு நல்லா கோஆபரேட் பண்ணினான் மேடம்” என்பதுதான் தினமும் கிடைத்த ரிப்போர்ட். ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே பையன் ஊஞ்சலில் தனியாகக் கிடந்தான். மூலையில் உட்கார்ந்திருந்த பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஏதோ ஒரு பட்டமும் மூன்று வார ஆன்லைன் சான்றிதழும் என்றாள் அந்தப் பெண். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குக் கோட்டு மாட்டி ‘தெரபிஸ்ட்’ என்று உட்காரவைத்தவர்கள் மேல்தான்.

ஒன்றை மறக்கவே கூடாது. பேச்சு வராத பிள்ளை, உள்ளே நடந்ததை வெளியே வந்து சொல்லாது. அடித்தாலும் சொல்லாது, கையைக் காலைப் பிடித்து அமுக்கி வைத்தாலும் சொல்லாது, வாயைத் திறந்து சோற்றைத் திணித்தாலும் சொல்லாது. அதனால்தான் சாத்திய கதவு இவ்வளவு பயமுறுத்துகிறது. புது இடம் என்பதால் முதல் சில நாள் அழுவது இயல்பு. ஆனால் வாரங்கள் கடந்தும் சென்டர் இருக்கும் தெருமுனை திரும்பியதுமே உடம்பை விறைத்துக்கொண்டு அலறினால், ராத்திரி திடுக்கிட்டு எழுந்தால், உடம்பில் கன்றிய தடம் தெரிந்தால், “போகப் போகச் சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அம்மா கூட இருந்தால் சில பிள்ளைகள் வேலை செய்யாது என்பது உண்மைதான். அதற்குக் கண்ணாடி வைத்த ஜன்னல் இருக்கிறது, சிசிடிவி இருக்கிறது, கடைசிப் பத்து நிமிடம் பெற்றோரை உள்ளே அழைக்கும் வழக்கம் இருக்கிறது. பார்க்கவே கூடாது என்பதற்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது.

சரி, ஓ.டி. என்றால் என்ன? ஆக்குபேஷனல் தெரபி. ‘ஆக்குபேஷனல்’ என்றதும் வேலை, தொழில் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு நாளில் மனிதர் தனக்காகச் செய்துகொள்கிற எல்லாமே இதில் அடக்கம். குழந்தைக்கு அது பல் தேய்ப்பது, சாப்பிடுவது, சட்டை போடுவது, கக்கூஸ் போவது, விளையாடுவது, பென்சில் பிடிப்பது. இவற்றைப் பிள்ளையே தானாகச் செய்யும்படி வைப்பதுதான் அந்த வைத்தியத்தின் மொத்த நோக்கமும். ஊஞ்சலும் பெரிய பந்தும் கலர் மணியும் அதற்கான கருவிகள். கருவியைக் காட்டிக் காசு வாங்கும் இடத்தில், “இந்த ஊஞ்சலால் என் பிள்ளைக்கு வீட்டில் என்ன மாறும்?” என்று கேளுங்கள். பதில் வராது.

தங்கை பிறகு வேறொரு தெரபிஸ்டிடம் போனாள். அந்தம்மா முதல் நாள் பையனை ஊஞ்சலில் ஏற்றவே இல்லை. தரையில் உட்கார்ந்து அவன் விளையாடுவதைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுவான், எதைத் தொட்டால் கையை உதறுவான், எத்தனை மணிக்குத் தூங்குவான். கடைசியில், “காலையில அவனுக்குச் சட்டை போட்டு விடறது யாரு?” என்றார். பாட்டி. “அப்ப அடுத்த தடவை பாட்டியையும் கூட்டிட்டு வாங்கம்மா.”

பட்டன் போடுவதை அவர் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே பார்த்தேன். பெரிய பட்டன், தாராளமான காஜா. பட்டனைத் துளைக்குள் முக்கால்வாசி பாட்டியே நுழைத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் பையனின் வேலை. இழுத்ததும் பட்டன் மாட்டிக்கொள்கிறது, ‘நான் போட்டேன்’ என்று அவன் முகம் மலர்கிறது. அது கைவந்த பிறகு பாதி நுழைத்துக் கொடுப்பது, பிறகு கால்வாசி. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுத் தருகிறார்கள். விரலுக்கு வலு வர, சப்பாத்தி மாவு பிசைவதும் கொடியில் துணிக் கிளிப் மாட்டுவதும் வீட்டுப்பாடம். ‘மூன்று மாதத்தில் மேல் பட்டன் இரண்டைத் தானே போடுவான்’ என்று நோட்டில் தேதியோடு எழுதினார். அந்தத் தேதியில் எடுத்துப் பார்த்தபோது ஒன்றுதான் போட்டான். ஏன் இரண்டாவது வரவில்லை என்று உட்கார்ந்து பேசி, முறையை மாற்றினார். ‘ஃபைன் மோட்டார் (விரல் நுண்ணசைவு) இம்ப்ரூவ் ஆகும்’ என்று மட்டும் எழுதித் தருகிறவர்களிடம் இப்படிக் கணக்குக் கேட்க முடியாது.

யாரிடம் போனாலும் முதலில் படிப்பைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பி.ஓ.டி. என்பது நான்கு ஆண்டுக்கு மேல் நீளும் பட்டப்படிப்பு, மருத்துவமனைப் பயிற்சியும் அதில் உண்டு. எம்.ஓ.டி. அதற்கு மேல். அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சங்கம் 1952-லிருந்து இருக்கிறது. இந்தத் துறையினர் உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினரைப் பதிவுக்குள் கொண்டுவர 2021-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. உண்மையாகப் படித்தவர் கேட்டதும் சான்றிதழைக் காட்டுவார், கோபப்பட மாட்டார். போர்டில் ஒருவர் பெயர், உள்ளே பிள்ளையைத் தொடுகிறவர் வேறு ஒருவர் என்பதும் நடக்கிறது. ஆகவே தொடுகிறவரின் படிப்பைக் கேளுங்கள்.

‘சென்சரி இன்டக்ரேஷன்’ (புலன் ஒருங்கிணைப்பு) என்ற சொல் இன்று எல்லா போர்டிலும் இருக்கிறது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் வகுத்த முறை அது. சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. ஆனாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-லேயே, இதற்கான ஆராய்ச்சிச் சான்று குறைவு என்பதைக் குடும்பங்களுக்குச் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. பலன் தெரிகிறதா என்று குறிப்பிட்ட காலம் வைத்துப் பார்க்க வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். எடைப் போர்வை, எடைச் சட்டை கொடுத்தால், பிள்ளை அதைத் தானே விலக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாத அளவு கனம் உயிருக்கே ஆபத்து. எழுதப் பழக்குவதிலும் எச்சரிக்கை தேவை. மூன்று விரலால் பென்சில் பிடிப்பது பொதுவாக நான்கு முதல் ஆறு வயதுக்குள் படியும். எல்.கே.ஜி. டீச்சர் திட்டுகிறார் என்பதற்காக மூன்று வயதுக் கையைப் பிடித்து எழுத வைக்கும் இடம் வேண்டாம்.

‘ஆட்டிசம் குணமாகும், கேரண்டி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓ.டி. பிள்ளையின் திறனை வளர்க்கும், ஆட்டிசத்தை அழிக்காது. ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக் கூடாது, செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. அதேபோல, பிள்ளைக்கு மருத்துவர் கொடுத்த ஃபிட்ஸ் (வலிப்பு) மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் எந்தத் தெரபிஸ்டுக்கும் உரிமை இல்லை.

வசதி இல்லையே என்று கலங்காதீர்கள். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (டி.இ.ஐ.சி.) இலவசமாகப் பார்க்கின்றன. டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் கிடைப்பார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அதற்கு மாற்றுத்திறனாளி சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள்.

நாளைக்கு செஷன் இருக்கிறதா? போனதும் கேளுங்கள்: “நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா?” முடியாது, கண்ணாடி வழியாகவும் முடியாது, கேமராவிலும் முடியாது என்றால், பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.