ஆபரேஷனுக்கு வரும் டாக்டர் ஏன் கைகளைத் தூக்கியபடியே நிற்கிறார்?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இரு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தியபடி, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வருவார் டாக்டர். பந்தா இல்லை அது.

அவர் தேய்த்துக் கழுவியது விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. கையைத் தொங்கவிட்டால், மேலே இருந்து வழியும் நீர் விரல்களுக்கே வந்து சேரும். உயர்த்தினால் முழங்கை வழியே சொட்டிவிடும்.

அவ்வளவு தேய்த்தும் கையுறை எதற்கு? கத்தியை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமியே இல்லாமல் ஆக்கலாம். தோலை அப்படிச் செய்ய முடியுமா? கழுவினால் கிருமிகள் குறையும், அவ்வளவுதான். துளைகளுக்குள் இருப்பவை மெல்ல வெளியே வரும். (வேடிக்கை என்னவென்றால், 1890-ஐ ஒட்டி அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறை செய்யச் சொன்னது நோயாளிக்காக அல்ல, கிருமிநாசினி பட்டுப் புண்ணான ஒரு நர்ஸின் கைகளுக்காக!)

உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே விட்டால் சில நாளில் பூஞ்சை. அதனால்தான் அம்மா அதட்டுகிறார்.

ஆபரேஷன் மேஜையிலும் அதே கண்டிப்பு. கிருமி நீக்கியது, கிருமி நீக்கியதை மட்டுமே தொடலாம். கவுனில் மார்பு முதல் மேஜை மட்டம் வரை முன்பக்கம்தான் சுத்தக் கணக்கு. முதுகு சேராது, அங்கே என்ன பட்டது என்று அவருக்கே தெரியாதே! விரித்த துணியின் ஓரம் 2.5 செ.மீ. சேராது. துணி நனைந்தால் ஈரத்தின் வழியே கிருமி ஏறிவிடும்.

கை பட்டதா, இல்லையா என்று சந்தேகமா? பட்டதாகவே கணக்கு. கையுறையை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.