உங்களுக்குத் தெரியுமா? 'பிராட்காஸ்ட்' வயலில் பிறந்த சொல்!

ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் வானொலியைவிட மூத்தது. 18ஆம் நூற்றாண்டில் அது உழவர்களின் சொல். விதையை வரிசையாக ஊன்றாமல், கையை வீசி நிலமெங்கும் தூவுவதே அதன் பொருள். வேளாண் பாடங்களில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. 1920களில் வானொலி இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 1922இல் தொடங்கிய பி.பி.சி.யின் பெயரில் உள்ள இரண்டாவது 'பி' இதுதான். எவ்வளவு பொருத்தமான தேர்வு!

வாக்கியத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'காஸ்ட்' போலவே இதற்கும் இறந்தகால வடிவம் மாறாது. நேற்று ஒளிபரப்பான ஆட்டத்துக்கும் 'வாஸ் பிராட்காஸ்ட்' என்பதே நல்ல வழக்கு. 'பிராட்காஸ்டட்' என்பதைச் சில அகராதிகள் ஏற்றாலும், அது காதில் உறுத்துகிறது.

பரப்புவதைக் குறிக்கும் 'டிஸ்ஸெமினேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் விதையிலிருந்து முளைத்ததுதான். லத்தீனில் 'செமென்' என்றால் விதை. அறிக்கை, ஆய்வு நடைக்குரிய சொல் இது. 'டிஸ்ஸெமினேட் இன்ஃபர்மேஷன்' என்று நேரடியாக எழுதினால் போதும். நடுவே 'அபவுட்' சேர்ப்பது பிழை. மாணவர்களே, தேர்வில் இதை மறக்காதீர்கள்.