தோல் வழியே மருந்து

மேல்பட்டாம்பாக்கத்தைக் கடந்து பண்ருட்டிப் பக்கம் செல்வோர், முந்திரிக்கொட்டை உடைக்கும் தாய்மார்களின் விரல்களைக் கவனித்திருக்கலாம். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் கருத்து உரிந்திருக்கும். கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு அவர்கள் வேலை பார்ப்பது இதற்காகத்தான். நாளெல்லாம் சேற்றில் நின்று நாற்று நடுபவரின் உடலுக்குள் வயல் நீர் ஏறிவிடுவதில்லை. ஓட்டெண்ணெய் மட்டும் எவ்வாறு தோலைத் துளைக்கிறது? இதற்கு விடை கண்டால், இன்று மருத்துவர்கள் தரும் மருந்துப் பிளாஸ்திரி வேலை செய்யும் விதமும் விளங்கிவிடும்.

நம் தோலின் மேற்புறம் இறந்த செல்களால் ஆனது. தட்டையான அச்செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, இடையில் கொழுப்பு, சுண்ணாம்புச் சாந்துபோல் நிரம்பியிருக்கிறது. இச்சுவரின் கனம் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான். தலைமயிரின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆயினும் இதுதான் கோட்டை மதில். இதைத் தாண்ட வேண்டுமானால் சாந்தாகிய கொழுப்பின் வழியே நுழைய வேண்டும். முந்திரி ஓட்டெண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலத்திற்கும் கார்டனாலுக்கும் 15 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் உண்டு. கொழுப்பில் எளிதில் கரையும் அந்த வாலே மதிலைக் கடக்கும் திறவுகோல். சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் கொப்புளிப்பதும் இதே இன வேதிப்பொருள்களின் வேலைதான்.

ஆக, தோல் வழியே செல்ல விரும்பும் மருந்து ஓரளவேனும் கொழுப்பில் கரைய வேண்டும். உருவிலும் சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500-க்குள் இருப்பது நலம். ஏறத்தாழ 5,800 எடையுள்ள இன்சுலினுக்கு இவ்வழி அடைபட்டது இதனால்தான். பாராசிட்டமாலின் எடை 151. அது ஏன் பிளாஸ்திரியாக வரவில்லை என்று கேட்கலாம். ஒரு வேளைக்கே 500 மில்லிகிராம் தேவைப்படும் மருந்து அது. உள்ளங்கை அளவு தோல் ஒரு நாளில் அனுமதிப்பதோ சில பத்து மில்லிகிராம்களுக்கு மேல் இராது. சிறிதளவிலேயே பலன் தரும் வீரியமுள்ள மருந்துக்குத்தான் இந்த வாயில் பயன்படும்.

நைட்ரோகிளிசரின் அத்தகையது. டைனமைட் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதும் கடுந்தலைவலி வரும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். அடுத்த வாரம் மீண்டும் வரும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் புகுந்த பொருள் இரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். உடல் அதற்குப் பழகிப்போனால் வலி மறையும். விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும். (நம் நீலகிரி அருவங்காட்டில் செய்யப்பட்டு வந்த கார்டைட்டிலும் இப்பொருள் ஒரு கூறு.) விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும் இம்மருந்தை, இதய வலிக்காரர்களின் மார்பில் ஒட்டும் பிளாஸ்திரியாக அமெரிக்காவில் 1981-இல் கொண்டுவந்தார்கள். நாள் முழுவதும் ஒட்டியிருந்தால் உடல் பழகி, மருந்து பலிக்காமற் போகிறது. ஆதலால் ஒவ்வொரு நாளும் 10 முதல் 12 மணி நேரம் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். தொழிலாளியின் தலைவலி கற்பித்த பாடம் இது!

அதற்கு முன்பே, 1979-இல், அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் பிளாஸ்திரி ஸ்கோபாலமின் அடங்கியது. நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உள்ள நஞ்சுதான். பயணக் குமட்டலைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டப்படும் அச்சிறு வட்டம், மூன்று நாளில் சுமார் ஒரு மில்லிகிராம் மருந்தை மட்டுமே விடும். வெளியே நீர் புகாத உறை, அதனடியில் மருந்துச் சேமிப்பு, அடுத்து நுண்துளைச் சவ்வு, கடைசியில் பசை என்பது அதன் அமைப்பு. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் தோல் வேறுபடும். அதன் போக்கில் விட்டால் ஒருவருக்கு மிகும், ஒருவருக்குக் குறையும். எனவே தோல் அனுமதிப்பதைவிடவும் மெதுவாகச் சவ்வு மருந்தை விட வேண்டும். மதகு வயலில் இருந்தால் போதாது, ஏரியிலேயே இருக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு.

பசையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மூன்று நாள் விடாமல் ஒட்ட வேண்டும். உரிக்கும்போது தோலையும் கூடவே பிடுங்கக் கூடாது. நம் கடலூர் வெயிலில் வியர்வை வேறு அடியில் தேங்கும். முதியோரின் மெல்லிய தோலுக்குச் சிலிகோன் பசை இதமானது என்பர். பல பிளாஸ்திரிகளில் மருந்து பசையிலேயே கரைந்திருக்கும். பார்க்கின்சன் நோய்க்கான ரோடிகோடின் பிளாஸ்திரியில் மருந்து கற்கண்டுபோல் படிகமாகிவிட்டதால் 2008-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். திருத்தி அமைத்து 2012-இல்தான் மீண்டும் விட்டார்கள். கரைந்த மருந்தே தோலில் இறங்கும், படிகமானது இறங்காது.

நாம் மிகவும் கவனிக்க வேண்டியது பென்டனில் பிளாஸ்திரி. புற்றுநோயின் தாங்கொணா வலிக்கு மூன்று நாளைக்கு ஒன்றாக ஒட்டப்படும் இம்மருந்து, மார்பினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுள்ளது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, நோயாளிக்கு இத்தகைய மருந்துகள் எளிதில் கிடைக்க வழி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் பார்வைக்கு இது மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் பிளாஸ்திரி போலவே இருக்கிறது. வலிக்கிறது என்றால் தவிட்டு ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் வைப்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா? இதன்மேல் வைத்தால் சூட்டில் மருந்து மளமளவென இறங்கி மூச்சே நின்றுவிடக் கூடும். கடுங்காய்ச்சலும் அவ்வாறே செய்யும். சிக்கனம் கருதிப் பாதியாக வெட்டி ஒட்டுவதும் ஆபத்து. சேமிப்பு உடைந்தால் மூன்று நாள் மருந்து ஒரேயடியாக வெளிப்படும்.

மூன்று நாள் கழிந்த பிளாஸ்திரியும் வெற்றுத்தாள் அன்று. கணிசமான மருந்து அதில் எஞ்சியிருக்கும். கீழே கிடந்ததை எடுத்த குழந்தைகள் இறந்ததுண்டு. பசைப்பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, மருத்துவமனை சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். உரித்தவுடன் மருந்து நின்றுவிட்டதாகவும் எண்ணலாகாது. தோலின் கொழுப்பில் தங்கியது தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நோயாளிக்கு மயக்கமோ மூச்சுத் தளர்ச்சியோ கண்டு பிளாஸ்திரியை உரித்த பிறகும் மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக் கவனிப்பது அதனால்தான்.