தனியாக வந்தால் தள்ளு

கன்னிவாடிக்கு மேலே பன்றிமலைப் பக்கம் விளையும் மலைவாழைப் பழத்துக்கும் கதிரியக்கம் உண்டு. பொட்டாசியத்தில் பத்தாயிரத்துக்கு ஓர் அணு பொட்டாசியம்-40. நடுத்தரப் பழம் ஒன்றில் வினாடிக்குச் சுமார் 15 அணுக்கள் சிதைகின்றன. பயம் வேண்டாம், சாப்பிடுகிறவர் உடம்பில் வினாடிக்குச் சுமார் 4,000 சிதைகின்றன. அவற்றில் பத்தில் ஒன்று 1,461 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை வீசும். மலைப்பாறையும் சுவர்ச் செங்கல்லும் அதையே வீசுகின்றன.

இயற்கையில் கிடைக்காத அணுக்கருக்களை ஆராய்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. முடுக்கியில் இரண்டு கருக்களை மோதி ஒட்டவைத்தால், நியூட்ரான் குறைந்த புதுக் கரு ஒன்று வெறிகொண்டு சுழன்றபடி பிறக்கும். அடங்கும்போது அது அடுக்கடுக்காகக் காமாக் கதிர்களை உமிழும். அந்த ஆற்றல்களை வைத்துத்தான் கருவின் வடிவத்தைக் கணிக்கிறார்கள்.

இதற்கு நம் நாட்டில் இருப்பது 'இங்கா' என்ற கூட்டுக் கருவி. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகள் தரும் கற்றைகள் வேறுவேறு. எனவே கருவிதான் ஊர் மாறுகிறது. 24 உணரிகளுக்கு இடமுள்ள வடிவமைப்பு அது. ஒவ்வோர் உணரியிலும் ஆரைக்கீரை இலை போல நான்கு ஜெர்மானியப் படிகங்கள் நெருங்கி நிற்கும். லட்சம் கோடி அணுக்களில் ஓர் அந்நிய அணு என்ற அளவுக்குத் தூய்மை வேண்டும். அறை வெப்பமே எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும் என்பதால், மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள்.

ஒரு படிகத்தில் பாதி ஆற்றலை விட்டுவிட்டுப் பக்கத்துப் படிகத்துக்குத் தாவும் கதிரின் கணக்கைக் கூட்டிக்கொள்ளலாம். நான்கையும் விட்டு வெளியேறினால், சுற்றியுள்ள பிஸ்மத் ஜெர்மனேட் கவசம் காட்டிக்கொடுக்கும். அந்தப் பதிவு தள்ளுபடி. என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் சாமர்த்தியம் பிடிப்பதைவிட விடுவதில்தான் இருக்கிறது. பொட்டாசியத்தின் கதிர் ஒற்றையாக வரும், புதுக் கருவின் கதிர்களோ கூட்டமாக வரும். ஆகவே ஒரே கணத்தில் இரண்டு, மூன்று உணரிகள் துடித்தால் மட்டுமே பதிவு. பழமும் பாறையும் பெரும்பாலும் அங்கேயே கழிந்துவிடும்.

மோதலிலேயே பிறந்து கதிர்களோடு கூட வரும் நியூட்ரான்களை இப்படிக் கழிக்க முடியாது. படிகத்துக்குள் புகுந்து அணுக்களை இடம்பெயர்த்துவிடும். கூர்மையாக நின்ற ஆற்றல் முகடுகள் மழுங்கும். அப்போது உணரியைக் கழற்றி, வெற்றிடத்தில் சுமார் 100 டிகிரியில் சூடாக்கிப் பழுது பார்க்கிறார்கள். இடம் தவறிய அணுக்கள் மெல்லத் திரும்பியபின், மறுபடி குளிர்வித்து வரிசையில் மாட்டுவார்கள்.