மருந்து இல்லாத நேரத்தில் கைகொடுத்த மரியாதை! - எபோலா கற்றுத் தந்த சமூகவியல் பாடம்

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில் சிலர் வருகிறார்கள். உடலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்கிறார்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட வழியில்லை. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் பல குடும்பங்களுக்கு நடந்தது இதுதான்.

கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளை உலுக்கிய எபோலா, 28,600-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எபோலாவால் இறந்தவரின் உடலில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். ஆனால், இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு விடைகொடுப்பதுதான் அங்குள்ள வழக்கம். புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவிகிதம் இறுதிச்சடங்குகளில்தான் ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

`தொடாதீர்கள்' என்று உத்தரவு போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்கச் சொன்னது அரசு. எரிக்கும் வழக்கமே இல்லாத மக்கள் மிரண்டுபோனார்கள். நோயாளிகளை வீட்டிலேயே மறைத்தார்கள். ரகசியமாகப் புதைத்தார்கள். நோய் மேலும் பரவியது.

அறியாமையா, அன்பா?

வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இது அறியாமை. சமூகத்தை ஆராய்பவர்களோ, `ஏன் மறைக்கிறார்கள்?' என்று கேட்டார்கள். முறையாக அடக்கம் செய்யாவிட்டால், இறந்தவருக்கு நிம்மதி இல்லை, ஊருக்கும் கேடு என்பது அந்த மக்களின் நம்பிக்கை.

கினியில் ஒரு கர்ப்பிணி எபோலாவால் இறந்தார். வயிற்றில் சிசுவோடு புதைக்கக் கூடாது என்பது கிஸ்ஸி இன மக்களின் வழக்கம். சிசுவை வெளியே எடுத்தாலோ தொற்று பரவும். மானுடவியலாளர் ஜூலியன் அனோகோ, ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். இதுபோன்ற நேரத்துக்கென்றே ஒரு பரிகாரச் சடங்கு இருப்பது தெரியவந்தது. அதைச் செய்ததும் அடக்கத்துக்கு ஊர் சம்மதித்தது.

2014 நவம்பரில், `பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்ற புதிய நடைமுறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளையும் கலந்து பேசி உருவாக்கியது அது. குடும்பத்தினர் அருகில் நின்று பிரார்த்தனை செய்யலாம். இஸ்லாமியர்களுக்கு, நீரில்லாமல் செய்யும் தயம்மும் முறை அனுமதிக்கப்பட்டது.

சிகிச்சை மையங்களும், தொடர்பில் இருந்தவர்களைத் தேடிக் கண்காணித்ததும் சேர்ந்துதான் எபோலாவைக் கட்டுப்படுத்தின. ஆனால், அந்தக் கதவுகளையெல்லாம் திறந்தது மக்களின் நம்பிக்கை. அது உத்தரவால் வரவில்லை. உட்கார்ந்து கேட்டதால் வந்தது.